பூட்டக்கூடிய பென்டிரைவ்

வரலாற்றில் இடம்பெறத் தகுந்த நிகழ்ச்சிகள் பலவும் வரலாற்று ஆசிரியர்கள் இல்லாத இடங்களிலேயே நடந்து தொலைக்கின்றன. எங்கள் குடிநீர் மண்டல அலுவலகத்தில் ஒரு பென்டிரைவ் 'உருவாக்கப்பட்ட' பொன்னாளில் அங்கே வரலாற்று ஆசிரியர் எவரும் இல்லை. புதிய இணைப்புப் பிரிவின் எழுத்தரான நான் இருந்தேன். ஆகவே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதை எல்லோரும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் போதும்.

எங்களுடையது 'காகிதமில்லா அலுவலகம்'. இதை அறிவிக்கும் சுற்றறிக்கையை எங்கள் மேலாளர் ஒவ்வொரு மேசைக்கும் மும்மூன்று பிரதிகள் அச்சடித்துக் கொடுத்தார். அதன்படி, தண்ணீர் இணைப்புக் கேட்டு வருகிறவர்கள் தங்கள் ஆவணங்களை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து ஜன்னலில் தர வேண்டும். நாங்கள் அதை வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைப்போம். தட்டில் வைத்துவிட்டால் அந்த விண்ணப்பம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பொருள். தட்டு நிறைந்தால் பக்கத்தில் இன்னொரு தட்டு வைப்போம். இந்த முறை வந்தபிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம்கூட மின்விசிறிக் காற்றில் பறந்ததில்லை.

அப்படிப் பரிசீலனையில் இருந்தவற்றுள் ஒன்று சலவைக்காரம்மாவுடையது.

கடைத்தெருவின் கோடியில் அவருக்கு ஒரு சிறிய சலவைக்கடை இருந்தது. துவைக்கும் இயந்திரம் இருந்தது, இஸ்திரி மேசை இருந்தது, வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். தண்ணீர்தான் இல்லை. லாரியில் வரும் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்து வைத்துத் தொழில் நடத்தினார். லாரி வராத நாளில் ஊர்ச் சட்டைகளெல்லாம் சோப்போடு ஊறிக்கொண்டு கிடக்கும். சட்டைக்கு உரியவர்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். பிரதானக் குழாயிலிருந்து அவர் கடைக்கு இணைப்பு கொடுக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான். பக்கத்து வீட்டு முற்றத்தைத் தோண்ட வேண்டும். பக்கத்து வீடு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருடையது. வாத்தியார் மாட்டேன் என்றார். குழாய் போக வேண்டிய இடத்தில் அவர் மனைவி வைத்த ரோஜாப் பாத்தி இருந்தது. மனைவி இறந்துபோயிருந்தார்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சலவைக்காரம்மா கேட்பதையே விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் வாத்தியாரே கடைக்கு வந்தார், கையில் மனைவியின் கம்பளிச் சட்டையோடு. பெட்டியில் கிடந்து தூசி படிந்துவிட்டது, துவைத்துத் தர வேண்டும் என்றார். சலவைக்காரம்மா அதை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"துவைக்கணுமா சார், இல்ல தட்டி மடிச்சு மட்டும் தரட்டுமா? துவைச்சா அவங்க வாசனை போயிடும்."

வாத்தியார் சட்டையைத் துவைக்காமலே வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் மறுபடி வந்து, குழாய் எந்தப் பக்கமாகப் போகும், வந்து காட்டு என்றார்.

வாத்தியார் அப்போதே ஒரு தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். ஆனால் காகிதமில்லா அலுவலகத்தில் தாள் செல்லாது. நில உரிமையாளர் முகம் தெரியும்படி, குரல் கேட்கும்படி, வீடியோவில் சம்மதம் சொல்ல வேண்டும். வீடியோ மிகத் தெளிவாக இருக்க வேண்டும். அவர் ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். சலவைக்காரம்மா தன் போனில் எடுத்தார். மிகத் தெளிவான வீடியோ சின்ன பென்டிரைவில் அடங்காது என்பதால், கடையில் இருந்தவற்றிலேயே பெரிதாகப் பார்த்துச் சிவப்பு நிறத்தில் ஒன்று வாங்கி, அதில் ஏற்றிக் கொண்டுவந்து என் ஜன்னலில் கொடுத்தார். நான் வாங்கித் தட்டில் வைத்தேன்.

வாத்தியார் அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். சலவைக்காரம்மாவின் போனும் ஒரு நாள் துவைக்கும் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. அவர் அதற்காகப் பெரிதாகக் கவலைப்படவில்லை. வாத்தியார் பேசியது அரசாங்க அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாராம். எங்கள் மேல் பொதுமக்களுக்கு இருந்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அடிக்கடி வந்து ஜன்னலில் விசாரிப்பார். பரிசீலனையில் இருக்கிறது என்பேன். நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

இந்த நல்லாட்சியின் நடுவில்தான் ஒரு திங்கட்கிழமை எங்கள் கணினி காலமானது.

இணைப்புகளைப் பதிவு செய்யவும் ஆணை வழங்கவும் இருந்தது அந்த ஒரே கணினிதான். பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் இயங்குதளம் காணப்படவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. தலைமையகத்தின் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டோம். அங்கிருந்த தொழில்நுட்பர் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றார். ஒரு பென்டிரைவை எடுத்து அதைப் 'பூட்டபிள்' ஆக மாற்ற வேண்டும். அதாவது, செத்துப்போன கணினியை எழுப்பிவிடக்கூடிய மாதிரி இயங்குதளத்தை அதில் ஏற்ற வேண்டும். பிறகு அதைக் கணினியில் செருகி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும். அரை மணி நேர வேலை. செய்முறையை எழுத்தில் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பியும் விட்டார். தலைப்பு: 'பூட்டபிள் பென்டிரைவ் மூலம் இயங்குதளம் நிறுவுதல்.'

மேலாளர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். மேலாளர், கண்காணிப்பாளர், கிடங்குப் பொறுப்பாளர், நான். கண்காணிப்பாளருக்கு எங்களுக்குள் 'எனினும்' என்று பெயர். மேலாளர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். பிறகு 'எனினும்' என்று ஆரம்பிப்பார். மேலாளர் நிமிர்ந்து பார்த்ததும் மறுபடி தலையாட்டி முடித்துக்கொள்வார்.

மேலாளர் தலைப்பை நிறுத்தி நிதானமாக வாசித்தார். கிடங்குப் பொறுப்பாளர், பூட்டக்கூடிய பென்டிரைவ் கிடங்கில் இருப்பு இல்லை என்றார். சாதாரண பென்டிரைவும் இல்லை. பூட்டு மட்டும் தேவையான அளவு இருக்கிறது என்றார். தலைமையகம் பாதுகாப்பு விஷயத்தில் காட்டும் அக்கறையை மேலாளர் பாராட்டினார். பென்டிரைவிலேயே பூட்டுப் போடத் துவாரம் இல்லாததால், அதை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து அந்தப் பெட்டியைப் பூட்டலாம் என்று முடிவாயிற்று. அன்று மாலைக்குள் பெட்டி வந்து சேர்ந்தது. திருடன் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாத கனம். நாங்களும் தூக்க முடியவில்லை.

இரண்டாவது சிக்கல் 'இயங்குதளம்'. எங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. இருக்கிற தளமே மழைக்காலத்தில் ஒழுகுகிறது. இதில் இயங்குகிற தளத்தை எப்படி நிறுவுவது என்று மேலாளர் யோசனையில் ஆழ்ந்தார். கட்டடப் பிரிவின் பொறியாளரை வரவழைத்தார். பொறியாளர் அறையை நீள அகலம் அளந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, அந்தத் தளம் மேலும் கீழும் இயங்க வேண்டுமா, பக்கவாட்டில் இயங்க வேண்டுமா என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கவாட்டில் இயங்கினால் கழிப்பறைக் கதவு திறக்காது என்று தம் கருத்தைப் பதிவு செய்துவிட்டுப் போனார். மேலாளர் தலைமையகத்துக்குப் போன் செய்து, தளம் எந்தத் திசையில் இயங்கும் என்று விளக்கம் கேட்டார்.

எதிர்முனையில் அந்தத் தொழில்நுட்பர் குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு முதலிலிருந்து விளக்கினார். பூட்டு வேண்டியதில்லை, தரையைத் தோண்ட வேண்டியதில்லை, நன்றாக ஓடும் வேறொரு கணினியும் ஒரு பென்டிரைவும் போதும் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க சார். அந்த பென்டிரைவ்ல ஏற்கெனவே என்ன இருந்தாலும் மொத்தமா அழிஞ்சுடும். காலியா ஒண்ணு எடுங்க."

போனை வைத்த மேலாளர் எங்களைப் பார்த்து, இதெல்லாம் தமக்கு முன்பே தெரியும், தலைமையகத்துக்குத் தெரியுமா என்று சோதித்துப் பார்த்ததாகச் சொன்னார். நாங்கள் வியந்தோம். வியப்பது எங்கள் பணி விதிகளில் எழுதப்படாத பகுதி.

வேறொரு கணினி இருந்தது. அது மேலாளரின் அறையில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. சீட்டாட்டம் தவிர வேறு எதுவும் அதில் நடந்ததில்லை என்பதால் தேய்மானம் குறைவு. காலி பென்டிரைவ்தான் இல்லை. புதிதாக வாங்கலாமென்றால் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கோரும் விண்ணப்பத்தைக் காலமான அந்தக் கணினியின் வழியாக மட்டுமே அனுப்ப முடியும். கடைக்குப் போய் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று வாங்கி வரலாமே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சிறிது நேரம் எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தோம்.

பிறகு மேலாளர், பொதுநலனுக்காகத் தம் பென்டிரைவைத் தியாகம் செய்ய முன்வருபவர் யார் என்று கேட்டார்.

மேலாளரிடமே ஒன்று இருந்தது. வெள்ளிச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். அதில் மண்டலத்தின் 'இரகசியத் தகவல்கள்' இருப்பதாகவும், அவை அழிந்தால் ஊருக்கே தண்ணீர் நின்றுவிடும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். 'எனினும்' கண்காணிப்பாளரிடமும் ஒன்று இருந்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் தாம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஆட்சேபணைகள் எல்லாம் அதில் இருந்தன. கிடங்குப் பொறுப்பாளருடையதில் அவர் மைத்துனர் கொடுத்த சினிமாக்கள், அதில் பாதிக்குமேல் இன்னும் பார்க்கவில்லை. என்னுடையது வீட்டிலிருந்தது என்று சொன்னேன். அது உண்மை. அது என் சட்டைப்பையில் இருந்தது. சட்டையை நான் வீட்டிலிருந்துதான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அப்போது மேலாளரின் பார்வை என் தட்டின் மேல் விழுந்தது.

கலைடாஸ்கோப்பில் தெரிவது போல அதில் பல நிறங்களில் பென்டிரைவ்கள் கிடந்தன. கிடங்குப் பொறுப்பாளர் ஒவ்வொன்றாக எடுத்து, மேலே அச்சிட்டிருந்த கொள்ளளவைப் பார்த்துக் கீழே வைத்தார். எல்லாம் சின்னது. இயங்குதளம் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது ஒன்றுதான். சிவப்பு.

கண்காணிப்பாளர் தலையாட்டினார். பிறகு, அவர் வாழ்க்கையில் முதன்முறையாக, வாக்கியத்தை முடித்தார்.

"எனினும், அதுல அந்த அம்மாவோட ஆவணம் இருக்குமே சார்."

மேலாளர் கோபப்படவில்லை. பெரிய நிர்வாகிகள் கோபப்படுவதில்லை, விளக்குவார்கள்.

"ஆவணத்த அவங்க யாருக்குக் குடுத்தாங்க?"

"நமக்குத்தான் சார்."

"அப்ப அது யாரோடது?"

கண்காணிப்பாளர் தலையாட்டி முடித்துக்கொண்டார்.

உள்ளே இருப்பதை மேலாளரின் கணினியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அழிக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். ஆனால் பொதுமக்களின் ஆவணத்தைப் பதிவு செய்யாமல் இன்னொரு கணினிக்கு நகலெடுப்பது கடுமையான விதிமீறல். பதிவு செய்ய வேண்டிய கணினியோ உயிரில்லாமல் கிடந்தது. அழிக்கக் கூடாது என்று எந்த விதியாவது சொல்கிறதா என்று மேலாளர் தேடச் சொன்னார். தேடினோம். அப்படி ஒரு விதியே இல்லை. விதிகளை எழுதிய பெரியவர்களுக்கு அப்படி ஒரு காரியம் நடக்கும் என்று தோன்றியிருக்காது. அவர்களுடைய கற்பனைக் குறைவு எங்களுக்கு உதவியது. ஆக, காப்பாற்றினால் குற்றம், அழித்தால் குற்றமில்லை. சட்டத்தை மதிக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

சிவப்பு பென்டிரைவை மேலாளர் தம் கையாலேயே செருகினார். செய்முறையில் சொன்ன கோப்பை இறக்கினோம், சொன்ன மென்பொருளைத் திறந்தோம், சொன்ன பொத்தானை அழுத்தினோம். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தச் சாதனத்தில் உள்ள அனைத்தும் நிரந்தரமாக அழிக்கப்படும், தொடர வேண்டுமா என்று கேட்டது. மேலாளர் நெகிழ்ந்துபோனார்.

"எவ்வளவு மரியாதையாக் கேக்குது பாருங்க. நம்ம ஊழியர்கள்ல யாராச்சும் இப்படிக் கேக்கறாங்களா?"

ஆம் என்பதை அழுத்தினார். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. நாங்கள் நின்றபடியே பார்த்தோம். கோடு மறுகரையைத் தொட்டபோது கிடங்குப் பொறுப்பாளர் கைதட்டினார்.

மீதியெல்லாம் சுலபமாக நடந்தது. சிவப்பு பென்டிரைவை எங்கள் அறைக்குக் கொண்டுபோய், காலமான கணினியில் செருகிப் பொத்தானை அழுத்தினோம். கறுப்புத் திரை நீலமானது. மொழி கேட்டது, கொடுத்தோம். நேரம் கேட்டது, கொடுத்தோம். நீண்ட ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டது. மேலாளர் தம் வழக்கப்படி படிக்காமல் ஒப்புக்கொண்டார். கணினி உயிர் பெற்றது. மேலாளர் அதற்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையைத் திரையின் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பென்டிரைவைத் துடைத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். பெட்டி வந்துவிட்டதே, வீணாகக் கூடாது.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும், கடையில் அச்சடித்து வா என்று மேலாளர் என்னிடம் தம் வெள்ளிச் சங்கிலி பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். இரகசியங்களைத் திறந்து பார்க்காமல் படத்தை மட்டும் ஏற்றும்படி எச்சரித்தார். செருகிய உடனே அது தானாகவே திறந்துகொண்டது. அதில் ஒன்றுமில்லை. வாங்கிய நாளிலிருந்து ஓர் எழுத்துகூட ஏறியிராத சுத்தமான வெள்ளை. இரகசியங்களிலேயே பாதுகாப்பானது இதுதான் என்று மனத்துக்குள் வணங்கிவிட்டுப் படத்தை ஏற்றினேன். வெளியே சொல்லவில்லை. மேலாளரின் அந்தரங்கம் எனக்கெதற்கு?

தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. குறைந்த செலவில் சொந்த முயற்சியால் இயங்குதளம் நிறுவிய முதல் மண்டலம் நாங்கள்தானாம். மற்ற மண்டலங்களும் எங்கள் வழியைப் பின்பற்ற வேண்டுமென்று சுற்றறிக்கை போனது. எங்களிடமும் மற்ற மண்டலங்களிலும் பொதுமக்களின் தட்டுகள் நிறைந்தே இருப்பதால் அதில் சிரமம் எதுவும் இருக்காது.

அந்த வாரமே சலவைக்காரம்மா வந்தார். இந்த முறை தனியாக வரவில்லை. கூட ஒரு பெண்மணி இருந்தார். வாத்தியாரின் மகள் என்று அறிமுகப்படுத்தினார். தூரத்து ஊரில் வேலையில் இருப்பவர், அப்பாவின் வீட்டைக் கவனிக்க வந்திருந்தார். விஷயம் பெரியது என்பதால் நான் அவர்களை மேலாளரிடம் அழைத்துப் போனேன். மேலாளர் உட்காரச் சொன்னார். பென்டிரைவ் ஒரு 'தொழில்நுட்பப் பணியில்' ஈடுபடுத்தப்பட்டிருப்பதாகவும், அதிலிருந்தவை 'மீட்டெடுக்க இயலாத நிலைக்கு உயர்த்தப்பட்டிருப்பதாகவும்' பக்குவமாகத் தெரிவித்தார். விண்ணப்பத்தில் சம்மத வீடியோ இணைக்கப்படாத குறை இருப்பதால், வீடியோவோடு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று வழியும் காட்டினார்.

சலவைக்காரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. யாரிடம் போய்ப் புதிதாக வீடியோ எடுப்பது என்று கேட்டார். அப்புறம் புரிந்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பில் ஊறி ஊறித் தோல் வெளுத்துப்போன கைகள். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். வேற பென்டிரைவ் நானே வாங்கித் தந்திருப்பேன்."

மேலாளர் இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாமல் ஆலோசனை என்று எடுத்துக்கொண்டார். வருங்காலத்தில் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

வாத்தியாரின் மகள் இப்போது பேசினார். அப்பா சம்மதித்தார் என்று இந்த அக்கா சொல்வதைத் தாம் நம்புவதாகவும், ஆனால் வீட்டில் அண்ணனுக்கும் பங்கு இருப்பதாகவும், அம்மா வைத்த பாத்தியைத் தோண்ட அப்பா எந்தக் காலத்திலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று அவர் பிடிவாதமாக இருப்பதாகவும் சொன்னார். அப்பா பேசியதைக் காட்டினால் அண்ணன் மறுக்க மாட்டார் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறார். தமக்கும் ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது என்றார். அப்பா போனில் எப்போதும் ரத்தினச் சுருக்கமாகத்தான் பேசுவாராம்.

கொஞ்சம் தயங்கிவிட்டு மேலாளரிடம் கேட்டார்:

"வீடியோ போனது போகட்டும் சார். இங்க யாராச்சும் அதப் பார்த்திருப்பீங்கல்ல? இத்தனை மாசமா உங்ககிட்டதானே இருந்துச்சு. அப்பா என்ன சொன்னாருன்னு ஆபீஸ்ல ஒருத்தர், பார்த்த ஒருத்தர், எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போதும்."

மேலாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் கிடங்குப் பொறுப்பாளரைப் பார்த்தேன். கிடங்குப் பொறுப்பாளருக்குப் பார்க்க ஆளில்லாததால் சுவரில் புதிதாக மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அந்தப் பெண் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் முறையாகப் பார்த்துவிட்டு, சலவைக்காரம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பி அழைத்துக்கொண்டு போனார்.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. இணைப்பு வரவில்லை. சலவைக்காரம்மா இயந்திரத்தை விற்றுவிட்டு, இப்போது ஒரு பெரிய தங்கும் விடுதியின் நிலவறையில் யார் யாருடைய போர்வைகளையோ துவைக்கிறார் என்று கேள்வி. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லையாம்.

இதைச் சாக்கிட்டுச் சிலர் எங்கள் அலுவலகத்தை ஏசுகிறார்கள். ஏசட்டும். மெத்தனம் என்று சொல்லட்டும், அலட்சியம் என்று சொல்லட்டும். ஆனால் பொதுமக்கள் நம்பி ஒப்படைத்த ஒன்றை எட்டிப் பார்க்கும் ஈனபுத்தி எங்களுக்கு இருந்தது என்று மட்டும் எவரும் சொல்லிவிட முடியாது. அந்த மனிதர் தம் மனைவியின் பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொன்னார் என்பது, அழிக்கிற நிமிடம் வரை, எங்களில் ஒருவருக்கும் தெரியாது.